ஐஸ் ஹொக்கி ஒரு வேலையா? பரந்தன் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

போன ஆவணியில் கனடாவில் மார்க்கம் என்ற ஊரிலிருந்து அண்ணையின் மகன், என் பெறாமகன், வந்து ஒரு மாதம் நின்றான். 16 வயது. பெட்டிக்குள் உடுப்பைவிட ஹொக்கிச் சாமான்தான் அதிகம். பின்னேரங்களில் நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் எங்கள் பெடியளைச் சேர்த்துக்கொண்டு டென்னிஸ் பந்தை அடித்தான். ஒருநாள் ஒரு பெடியன் கேட்டான், "போன வருசம் எத்தனை கோல் அடிச்சனீ?" அவன் வெட்கமே இல்லாமல் "நாலு" என்றான். பருவம் முழுக்க நாலு. தளமே சிரித்தது.

அவன் போய்விட்டான், கேள்விகள் போகவில்லை. போட்டோ கொப்பி எடுக்க வருபவர், ரீலோட் போட வருபவர், சும்மா நிழலுக்கு ஒதுங்குபவர் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், அதிலும் கனடாவில் சொந்தம் உள்ளவர்கள் விடுவதாயில்லை. அண்ணையை இரவிரவாகத் தொலைபேசியில் துளைத்தும், விடியற்புறம் எழும்பி மட்ச் பார்த்தும், வாசித்தும் பிடித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதைத்தான் அனுப்புவேன்.

ஐஸ் ஹொக்கி எண்டா என்ன, எங்கட பள்ளிக்கூட ஹொக்கிதானே? பனிக்குள்ளயோ விளையாடுறவை?

தடி ஒன்றுதான் பொது. மற்றதெல்லாம் வேறு. நாங்கள் மார்கழியில் பனி என்று சொல்வதும் இல்லை, அங்கே வெளியில் கொட்டும் ஸ்னோவும் இல்லை. ஒரு பெரிய மண்டபத்துக்குள், சீமெந்துத் தரைக்கடியில் குழாய் போட்டு, கடுங்குளிரான உப்புநீரை ஓடவிட்டு, மேலே தண்ணீரை உறைய வைப்பார்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம். காலில் கத்தி வைத்த சப்பாத்து. ஒரு பக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேரும், கோலைக் காக்கிற கோலி ஒருவரும். 20 நிமிடப்படி மூன்று பகுதி.

பந்து கிடையாது, பக் என்று ஒரு ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிப்பு, 170 கிராமுக்குள் நிறை. பெறாமகன் விட்டுப்போன ஒன்று என் மேசையில் கொப்பித் தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கிறது. மட்ச்சுக்கு முன் அதையும் உறைய வைப்பார்களாம், இல்லாவிட்டால் துள்ளும். அதைக் கேட்ட பெடியள் பக்கத்துக் கடை அக்காவின் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்பழத்துக்குள் ஒரு இரவு ஒளித்து வைத்துவிட்டு, விடிய எடுத்து சீமெந்தில் போட்டுப் பார்த்தார்கள். உண்மைதான், கல்லு மாதிரி விழுந்து கிடந்தது. அக்காவின் பேச்சு வேறு கதை.

இதுவும் ஒரு வேலையோ? சம்பளம் குடுப்பினமோ?

கொடுப்பார்கள், அதுவும் கொட்டிக் கொடுப்பார்கள், ஆனால் மேலே இருக்கிற கொஞ்சப் பேருக்குத்தான். என்.எச்.எல்., அதாவது நஷனல் ஹொக்கி லீக், என்பதுதான் உச்சி. 1917இல் தொடங்கியது, இப்போது 32 அணிகள், அதில் 7 கனடாவில், மிச்சம் அமெரிக்காவில். 2025-26 பருவத்தில் ஆகக் குறைந்த சம்பளமே 775,000 அமெரிக்க டொலர், அடுத்த பருவத்திலிருந்து 850,000. டொலர் 300 ரூபா என்று பார்த்தாலும் 23 கோடி. இதைச் சொன்னதும் கடையில் நிற்பவர்கள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள், அங்கேதான் நான் மறிப்பது.

ஒரு அணியில் 23 பேர் வரை வைத்திருக்கலாம். 32 தரம் 23, 736. கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் எல்லா நாட்டுப் பெடியளும் இந்த 736 இடத்துக்குத்தான் அடிபடுகிறார்கள்.

எத்தினை வயசிலை தொடங்கோணும்?

நாலைந்து வயதில் ஐஸில் நிற்கப் பழக்குவார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த வயதில் குளக்கட்டில் சைக்கிள் உருட்டுவது மாதிரி. பிறகு வயதுக்கு வயது அணி, அதில் தரம் பிரிப்பு, தரம் கூடக் கூடச் செலவும் ஓட்டமும் கூடும். விடிய ஐந்தரைக்குப் பயிற்சி, வார இறுதியில் நாலைந்து மணித்தியாலம் காரில் போய் ஒரு மட்ச். ஒன்டாரியோவில் என்றால் 15, 16 வயதில் ஓ.எச்.எல். என்கிற ஜூனியர் லீக் அணிகள் பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிவு செய்யும். தெரிவானால் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்கேயே பள்ளிக்கூடமும் போய் விளையாடவேண்டும்.

என் பெறாமகன் தெரிவாகவில்லை. பயிற்றுவிப்பாளர் முகத்துக்கு நேரே சொன்னாராம்: "நீ கோல் அடிக்கிற ஆள் இல்லை, அதை விடு, மற்ற வேலையைப் பழகு." அந்த மற்ற வேலை என்ன என்று கீழே சொல்கிறேன். இந்தப் பக்கத்தை எழுத நினைத்ததே அதற்காகத்தான்.

ட்ராஃப்ட், ட்ராஃப்ட் எண்டுறாங்கள், அது சீட்டுக் குலுக்கலோ?

முழுக்க இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, 18 வயதை எட்டியவர்களிலிருந்து 32 அணிகளும் முறைவைத்து ஆளெடுக்கும். ஏழு சுற்று, மொத்தம் 224 பேர். நல்லாய் விளையாடாத அணிக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு, அந்த முன்வரிசையில் யார் முதல் என்பதற்கு மட்டும் ஒரு குலுக்கல் நடக்கும். எடுத்த அணிக்கு அந்தப் பெடியனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை வரும், அவ்வளவுதான். 224 பேரில் பெரும்பாலானவர்கள் என்.எச்.எல். ஐஸில் நின்று நிலைப்பதே இல்லை.

மறுபக்கமும் உண்டு. மார்ட்டின் சென் லூயி என்று ஒருவர், 5 அடி 8 அங்குலம், குள்ளம் என்று யாருமே ட்ராஃப்டில் எடுக்கவில்லை. கல்கரி அணி எடுத்துப் பார்த்துவிட்டு 2000இல் கைவிட்டது. 2004இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி (கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்ந்தது) எடுத்து, சிறந்த ஆட்டக்காரர் பரிசும் வாங்கி, தம்பா பே அணியோடு லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணமும் தூக்கினார். ஹென்ரிக் லண்ட்குவிஸ்ட் என்ற கோலியை 2000இல் 205ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். இருவரும் இன்று ஹொக்கிப் புகழ்மண்டபத்தில். இப்படி ஒன்றிரண்டு கதையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் நடக்கும் என்று தகப்பன்மார் நம்புவதுதான் பிரச்சினை என்கிறார் அண்ணை, அவரே ஒரு தகப்பன் என்பதை மறந்து.

நாப்பது செக்கன் ஓடிப்போட்டு வந்து குந்துறாங்கள். உதிலை என்ன கஷ்டம்?

முதல் மட்ச் பார்த்தபோது நானும் இதைத்தான் கேட்டேன். 40, 45 செக்கனுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், ஆட்டத்தை நிறுத்தாமலே ஒருவன் ஐஸைச் சுற்றியுள்ள மதிலைத் தாண்டி உள்ளே வர மற்றவன் குதித்து இறங்குவான். ஏனென்றால் அந்த 45 செக்கனும் முழு வேகம். உழவு மாடு மாதிரி ஒரே சீராக இழுக்கிற வேலை இல்லை, நாய் துரத்தும்போது ஓடுகிற ஓட்டம். அதை ஒரு இரவில் இருபது இருபத்தைந்து தரம் செய்யவேண்டும், உடம்பில் கவசத்தோடு, எதிராளி மதிலோடு சேர்த்து நசுக்க நசுக்க.

நம்பாதவர்கள் வீட்டு முற்றத்தில் 45 செக்கன் முழுமூச்சாக ஓடி, இரண்டு நிமிடம் இருந்து, திரும்ப ஓடிப் பாருங்கள். மூன்றாவது தரத்தில் நான் வேலியைப் பிடித்தேன்.

கோல் அடிக்காதவனுக்கு ஏன் காசு குடுக்கினம்?

இதுதான் கேள்வி. சீமெந்துத் தளத்தில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பதில்.

மன்னி மல்ஹோத்ரா என்று ஒருவர். தகப்பன் பஞ்சாபி, தாய் பிரெஞ்சுக் கனடியர், பிறந்தது ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில், 1980இல். 1998இல் நியூயோர்க் றேஞ்சர்ஸ் அவரை ஏழாவது ஆளாக எடுத்தது, அது மிகப் பெரிய எதிர்பார்ப்பு. கோல் மழை பொழியவில்லை. ஆனால் 991 ஆட்டங்கள் விளையாடினார், அடித்தது 116 கோல். வெய்ன் கிரெட்ஸ்கி 1,487 ஆட்டத்தில் 894 அடித்தவர், அந்தக் கணக்கில் பார்த்தால் இவர் ஒன்றுமில்லை. பிறகு எப்படி 991 ஆட்டத்துக்கு ஆறேழு அணிகள் மாறிமாறிச் சம்பளம் கொடுத்தன?

பேஸ் ஓஃப் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டம் நின்று தொடங்கும் ஒவ்வொரு தடவையும் மத்தியஸ்தர் பக்கைக் கீழே போடுவார், இரண்டு பேர் குனிந்து நின்று தடியால் அதைத் தட்டிப் பறிக்கவேண்டும். பக் யார் கையில் என்பதை அந்த ஒரு செக்கன் தீர்மானிக்கும். சொந்தக் கோலுக்கு முன்னால் நடக்கும் பேஸ் ஓஃபில் தோற்றால் அடுத்த மூச்சில் கோல் விழலாம். 2010-11இல் வன்கூவர் அணி அந்த ஆபத்தான இடங்களுக்கெல்லாம் மல்ஹோத்ராவையே அனுப்பியது, நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வென்றார். அவர் இந்தக் கரைச்சலைப் பார்த்துக்கொண்டதால் செடின் என்ற இரட்டைச் சகோதரர்களை எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் இறக்க முடிந்தது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் டானியல் செடின். பத்திரிகையில் படம் அவருக்கு. மடை வாசலில் இரவிரவாக நின்று தண்ணீர் மாற்றிவிட்டவன் பெயர் அரிவு வெட்டும்போது யாருக்கும் ஞாபகம் வராது அல்லவா, அப்படி.

இன்னொன்று, கோலை நோக்கி பக்கை எறிவதை உடம்பால் மறிப்பது. மணிக்கு 150 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும் அந்த ரப்பர் கல்லுக்கு முன்னால் வேண்டுமென்றே போய் விழவேண்டும். 2013 ஆனியில் பொஸ்டனின் கிரெகரி கம்பல், நாலாவது வரிசை ஆட்டக்காரர், தண்டனையால் தன் அணி ஒரு ஆள் குறைந்து நின்ற நேரத்தில் அப்படி விழுந்து காலெலும்பை உடைத்துக்கொண்டார். அணி ஏற்கெனவே ஒரு ஆள் குறைவு, இவரும் வெளியேறினால் அவ்வளவுதான். உடைந்த காலோடு எழும்பி, ஒற்றைக் காலில் நொண்டியபடி, தடியை நீட்டிப் பாதையை மறைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். கோல் விழவில்லை. அந்த மட்ச்சைப் பொஸ்டன் வென்றது. புள்ளிப் பட்டியலில் அந்த நிமிடத்துக்கு அவர் பெயருக்கு நேரே கோலும் இல்லை, உதவியும் இல்லை.

எங்கள் பெடியன் பழகுவது இதைத்தான். மார்க்கத்தில் வீட்டு பேஸ்மென்டில் அண்ணை பக்கைப் போட அவன் தட்டிப் பறிப்பான், நாளுக்கு நூறு தரம். அண்ணைக்கு முதுகு பிடித்ததுதான் மிச்சம் என்று அண்ணி சொல்கிறா.

எங்கட நிறத்து ஆக்கள் ஆரும் மேலை போயிருக்கினமோ? விடுவாங்களோ?

மல்ஹோத்ராவைச் சொல்லிவிட்டேன். அவருக்கு முன் றொபின் பாவா, பஞ்சாபி, 1989இல் வொஷிங்டனுக்காக இறங்கினார். என்.எச்.எல்.இல் விளையாடிய முதல் தெற்காசிய வழியினர் அவர்தான். மொத்தம் 61 ஆட்டம். இப்போது அர்ஷ்தீப் பெய்ன்ஸ் இருக்கிறார், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து சறேயில் வளர்ந்தவர், ட்ராஃப்டில் யாரும் எடுக்காதவர், 2021-22இல் மேற்கு ஜூனியர் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்துக் காட்டிய பிறகுதான் வன்கூவர் கூப்பிட்டது.

விடுவாங்களோ என்றால், 1958 தை 18இல் பொஸ்டனுக்காக இறங்கிய வில்லி ஓறீ முதல் கறுப்பின ஆட்டக்காரர். கூட்டத்திலிருந்தும் எதிரணியிலிருந்தும் வாங்காத பேச்சில்லை. அதைவிடப் பெரிய விசயம், அவருக்கு வலது கண் பார்வை கிட்டத்தட்ட இல்லை, ஜூனியர் காலத்தில் பக் பட்டுப் போனது. சொன்னால் விடமாட்டார்கள் என்று யாருக்கும் சொல்லாமலே விளையாடினார். என்.எச்.எல்.இல் 45 ஆட்டம்தான், ஆனால் கீழ் லீக்குகளில் 1979 வரை. ஒற்றைக் கண்ணோடு இருபது வருடம். 2018இல்தான் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

கீழ் லீக் எண்டு சொல்லுறீங்கள், அதிலை விளையாடுறதும் வேலைதானோ?

வேலைதான், பாரம் கூடின வேலை. என்.எச்.எல்.இன் கீழே ஏ.எச்.எல்., அங்கும் 32 அணிகள், 72 ஆட்டங்கள். அதன் கீழே ஈ.சி.எச்.எல். அங்கே வாரத்துக்குச் சில நூறு டொலர்தான், தங்குமிடம் அணி கொடுக்கும், பயணம் இரவிரவாக பஸ்ஸில். கோடையில் வேறு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பரந்தனிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் இறங்கி, முகம் கழுவிவிட்டு அப்படியே வேலைக்குப் போனவர்களுக்கு அந்த வாழ்க்கை விளங்கும், இவர்கள் இறங்கி அடிபடவும் வேண்டும்.

இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. மேலே நின்றால் ஒரு சம்பளம், கீழே அனுப்பினால் வேறு சம்பளம். கீழே கிடைப்பது சிலருக்கு மேலே கிடைப்பதில் பத்தில் ஒன்றும் இல்லை. மேலே நிற்கும் நாட்களை எண்ணித்தான் காசு, ஆகக் குறைந்த சம்பளக்காரனுக்கே நாளுக்கு 4,000 டொலர் அளவில் வரும். ஆக, நாட்கூலிதான். யாருக்காவது காயம் என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வரும், விடிய விமானம், பின்னேரம் மட்ச், காயக்காரன் சுகமானதும் திரும்ப பஸ்.

ஒரு நாள் எப்பிடிப் போகும்? மட்ச் இல்லாத நாள் நித்திரையோ?

ஐப்பசியிலிருந்து சித்திரை வரை 82 ஆட்டம், பாதி வெளியூரில். 2026-27இலிருந்து 84. இரண்டு நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், சில வேளை அடுத்தடுத்த இரவுகளில். மட்ச் நாளில் காலையில் ஐஸில் ஒரு சின்னப் பயிற்சி, வீடியோ பார்த்து எதிரணியைப் படிப்பது, மத்தியானம் சோற்றுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பாஸ்தா, பிறகு ஒரு குட்டித் தூக்கம், பின்னேரம் மண்டபம். முடிந்ததும் சைக்கிள் மிதித்து உடம்பை ஆற்றிவிட்டு நேரே விமான நிலையம், அடுத்த ஊர் விடுதியில் விடியப்புறம் மூன்று மணிக்குப் படுக்கை. நல்ல அணி என்றால் இதற்குப் பிறகு பிளே ஓஃப் என்கிற கிண்ணச் சுற்று, ஆனி வரை இழுக்கும். கோடையில் நித்திரை என்று நினைக்காதீர்கள், உடம்பை அடுத்த பருவத்துக்குக் கட்டுவதே அப்போதுதான்.

சண்டை பிடிக்கிறாங்களே, பொலிஸ் வராதோ?

வராது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேர் குத்திக்கொள்வார்கள், மத்தியஸ்தர்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவன் விழுந்ததும் பிரித்து இருவரையும் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருத்துவார்கள். அதுதான் சட்டம். பெடியள் இந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

முன்பு இதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள், அதுவும் ஒருவகைக் கூலி வேலை. டெரெக் பூகார்ட் அப்படிப்பட்ட ஒருவர், 2011இல் 28 வயதில் இறந்துபோனார், பிறகு மூளையைச் சோதித்தபோது திரும்பத் திரும்ப அடி பட்டதால் வரும் சேதம் இருந்தது. இப்போது சண்டை நன்றாகக் குறைந்துவிட்டது, சண்டை மட்டும் தெரிந்தவனுக்கு இடமும் இல்லை. குறைந்தது நல்லது என்பது என் எண்ணம், கடையில் இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

பல்லு போகும் எண்டு சொல்லுறது உண்மையோ?

2010இல் சிக்காகோவின் டங்கன் கீத்துக்கு பக் பட்டு ஒரே அடியில் ஏழு பல் போனது, அதே மட்ச்சில் திரும்பி வந்து விளையாடினார். பல் பரவாயில்லை. 1968இல் பில் மாஸ்டர்டன் தலை ஐஸில் அடிபட்டு இறந்தார், அப்போது ஹெல்மட் போடுவதை ஒரு கோழைத்தனம் மாதிரிப் பார்த்தார்கள். 1979இலிருந்துதான் புதிதாக வருபவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். மாஸ்டர்டன் பெயரில் ஒவ்வொரு வருடமும் ஒரு பரிசு இருக்கிறது, விடாமுயற்சிக்கும் ஆட்டத்தின் மேலான அர்ப்பணிப்புக்கும். உழைப்பாளிகளுக்கு அதுதான் பெரிய பரிசு.

மல்ஹோத்ராவுக்கு 2011 பங்குனியில் இடது கண்ணில் பக் பட்டது. அந்தப் பருவம் முடிந்தது என்றார்கள். பல சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆனியில், ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றின் இரண்டாவது மட்ச்சில், முழு முகக் கவசத்தோடு இறங்கினார், வன்கூவர் மண்டபம் எழும்பி நின்று கத்தியது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. 2013இல் அவருடைய பாதுகாப்புக்கென்று அணியே அவரை நிறுத்தியது. அவர் விடவில்லை, கீழ் லீக்கில் ஒரு சோதனை ஒப்பந்தத்தில் திரும்பத் தொடங்கி மேலே இரண்டு பருவம் விளையாடினார். பெரும்பாலான பேஸ் ஓஃப்களை அப்போதும் வென்றார்.

சம்பளம் முழுக்கக் கையிலை வருமோ?

வராது. வருமான வரி பாதிக்குக் கிட்டப் போகும் இடங்கள் உண்டு, முகவருக்குப் பங்கு. இது தவிர எஸ்குரோ என்று ஒன்று. லீக்கின் வருமானத்தில் சரிபாதி ஆட்டக்காரருக்கு, சரிபாதி முதலாளிகளுக்கு என்று ஒப்பந்தம், கணக்கு முடியும் வரை ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு துண்டைப் பிடித்து வைப்பார்கள், வருமானம் குறைந்தால் அது திரும்பாது.

பெரிய விசயம் காலம். 991 ஆட்டம் என்பது அபூர்வம், 200 ஆட்டம் எட்டாமல் முடிபவர்கள்தான் அதிகம். 23 கோடிக் கணக்குப் போட்டவர்கள் அதை எத்தனை வருடத்தால் பெருக்குவது என்றும் யோசிக்கவேண்டும். மூன்று வருடம் வந்த காசில் மிச்சம் ஐம்பது வருடம் இருக்கவேண்டுமே.

கோலிக்குக் காயம் எண்டா ஆர் நிப்பினம்?

இரண்டாவது கோலி. அவனுக்கும் காயம் என்றால்? 2020 மாசி 22இல் ரொறன்ரோவில் அதுதான் நடந்தது. கரோலினாவின் இரண்டு கோலிகளும் விழுந்துவிட, மண்டபத்தில் அவசரத்துக்கென்று இருந்த டேவிட் அயர்ஸ், 42 வயது, ஐஸ் மெழுகும் வண்டி ஓட்டும் வேலை செய்தவர், சிறுநீரகம் மாற்றியவர், உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பத்து எறிதலில் எட்டை மறித்து, ரொறன்ரோவைத் தோற்கடித்தார், 6-3. கடையில் நான் அதிகம் சொன்ன கதை இதுதான், ஒருவரும் முதல் தடவையில் நம்புவதில்லை.

வயசு போனாப் பிறகு என்ன செய்வினம்?

கோர்டி ஹவ் 52 வயது வரை விளையாடினார், 1980 வரை, அவரைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவர் மனிதப் பிறவி இல்லை. சாதாரணமாக 30 தாண்டினால் கால் சொல்வதைக் கேட்காது. படித்தவர்கள் வேறு தொழில், சிலர் தொலைக்காட்சியில் பேச, சிலர் பயிற்றுவிக்க. இதில் கோல்காரரைவிட உழைப்பாளிகள்தான் நல்ல பயிற்றுவிப்பாளர்கள் என்று எனக்கொரு எண்ணம். ஒவ்வொரு மூலையையும் யோசித்து யோசித்தே பிழைத்தவர்கள் அல்லவா, மற்றவனுக்கு வாயால் விளங்கப்படுத்தத் தெரியும்.

மல்ஹோத்ரா வன்கூவரிலும் ரொறன்ரோவிலும் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்து, பிறகு வன்கூவரின் கீழ் அணியான அபொட்ஸ்போர்ட்டுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். முதல் பருவத்திலேயே, 2025இல், ஏ.எச்.எல். கிண்ணத்தை எடுத்தது அந்த அணி. மேலே சொன்ன அர்ஷ்தீப் பெய்ன்ஸ் அதில் விளையாடியவர்.

பொம்பிளைப் பிள்ளையளுக்கும் இருக்கோ?

இருக்கிறது. பி.டபிள்யு.எச்.எல். என்கிற பெண்கள் லீக். 2024 தை 1இல் முதல் மட்ச், ஆறு அணிகளோடு தொடங்கி 2025-26இல் எட்டு. தொடங்கியபோது ஆகக் குறைந்த சம்பளம் 35,000 டொலர். ஆண்களின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் கோபம்தான் வரும். ஆனாலும் அதற்கு முன் ஒலிம்பிக் பதக்கம் எடுத்தவர்களே வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் விளையாடினார்கள்.

வன்னியிலை இருந்து ஒருத்தன் போகேலாதோ?

இங்கே பிறந்து, இங்கேயே வளர்ந்து, நேரே என்.எச்.எல்.? இல்லை, பொய் சொல்லி என்ன பயன். வெயில் 35 பாகை, ஐஸ் என்று நாங்கள் கண்டதெல்லாம் முல்லைத்தீவிலிருந்து வரும் மீன் லொறியில் ரெஜிபோம் பெட்டிக்குள் கிடப்பது. நாலு வயதில் காலுக்கு வரவேண்டிய பழக்கம் 15 வயதில் வராது. இங்கிருந்து சின்ன வயதில் புலம்பெயர்ந்த பிள்ளை, அங்கே பிறந்த பிள்ளை என்றால் அது வேறு, 736இல் ஒன்று யாருக்கும் எழுதி வைத்ததில்லை.

ஆனால் சீமெந்துத் தளத்து ஹொக்கி நின்றுவிடவில்லை, அதைச் சொல்லவேண்டும். பெறாமகன் விட்டுப்போன இரண்டு தடியோடு, பூவரசம் தடி வெட்டி வளைத்து இன்னும் ஆறு. நெல் காயும் காலத்தில் மட்டும் தடை. போன கிழமை பார்த்தேன், ஒரு சின்னவன் பந்துக்கு முன்னால் வேண்டுமென்றே விழுந்து மறித்துவிட்டு முழங்கால் உரசலோடு எழும்பினான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

நீங்களெண்டா உங்கட பிள்ளையை விடுவீங்களோ? படிப்பு என்ன ஆகிறது?

நேர்மையாகச் சொன்னால், அண்ணையிடம் நானும் சண்டை பிடித்தேன். நல்ல தரத்தில் விளையாட ஒரு பருவத்துக்குப் பத்தாயிரம் டொலர் தாண்டும் குடும்பங்கள் உண்டு, சப்பாத்து மட்டும் ஆயிரம், தடி ஒன்று முந்நூறு நாநூறு, அதுவும் உடையும். இரண்டு வேலை செய்கிற மனிதன் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "அவன் விடிய நாலரைக்குத் தானா எழும்புறான்ரா. நான் எழுப்புறேல்லை."

படிப்பை விடத் தேவையில்லை. ஓ.எச்.எல்.இல் விளையாடும் ஒவ்வொரு பருவத்துக்கும் பின்னால் படிப்புக் காசு கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் புலமைப்பரிசில் கொடுக்கும், முன்பு கனடா ஜூனியர் லீக்கில் விளையாடினால் அந்தக் கதவு அடைபடும், 2025 ஆவணியிலிருந்து அந்தத் தடை இல்லை. எங்கள் பெடியன் ஓ.எச்.எல். கிடைக்காமல் அதற்கு அடுத்த தர ஜூனியரில் நிற்கிறான், பல்கலைக்கழகத்தைத்தான் பார்க்கிறான். இந்தப் பருவம் இதுவரை இரண்டு கோல். பேஸ் ஓஃப் எத்தனை வென்றான் என்று கேட்டேன், அதற்கு ஒரு கொப்பியே வைத்திருக்கிறான்.

நாங்களும் பாக்கோணுமெண்டா எத்தினை மணிக்கு வாறது?

ரொறன்ரோவில் இரவு ஏழு மணி மட்ச் என்றால் எங்களுக்கு விடிய ஐந்தரை. பங்குனி நடுப்பகுதியில் அங்கே மணிக்கூட்டை மாற்றிவிடுவார்கள், பிறகு நாலரை. வன்கூவர் மட்ச் என்றால் இன்னும் பிந்தி, கடை திறந்தபிறகும் பார்க்கலாம். பிளே ஓஃபில் சமநிலையென்றால் ஒருவன் அடிக்கும் வரை இருபது இருபது நிமிடமாக ஓடிக்கொண்டே இருக்கும், அன்றைக்குக் கொப்பி எடுக்க வருபவர்கள் மன்னிக்கவேண்டும். பின்பக்கக் கதவு திறந்திருக்கும். தேத்தண்ணி நான் ஊத்துவேன், பால்மா கொண்டுவாருங்கள்.